நாலு பத்து விமானம்

நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று. தெருவில் யாரோ ஸ்கூட்டரின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்கள், ஐம்பத்தேழு. மறுபடியும் நாற்பத்திரண்டு. மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று கால் ஸ்டாண்டின் மேல் நின்ற அந்தக் கருவியை ஆவுடையப்பன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசிப் பெஞ்சுப் பையனை வாத்தியார் பார்ப்பது மாதிரி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உச்சியில் கறுப்புப் பஞ்சு உருண்டை, கீழே எண் ஓடுகிற சின்னக் கண்ணாடி. சத்தத்தை அளக்கிறது. யார் போட்ட சத்தம் என்று அதற்குத் தெரியாது, எதற்காகப் போட்டது என்றும் தெரியாது, எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அதனால்தான் அவருக்கு அதைப் பிடித்துப்போயிற்று. முப்பத்து நாலு வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்து எழுதியவர். மனுஷன் மழுப்புவான், மீட்டர் மழுப்பாது என்று அந்த முப்பத்து நாலு வருஷமும் எல்லா வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறார். ஏர்வியூ நகரில் அவருக்குப் பெயரே ரீடிங் அண்ணாச்சி. விமானச் சத்தத்தை ஒரு மாதம் அளந்து எழுத ஆள் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கூடியபோது ஒருத்தர் விடாமல் இவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு வேறு வேலை என்ன? வீட்டில் வேறு ஆள்தான் யார்? இன்றைக்கு முப்பதாவது நாள். நாலு பத்துக்கு ஒன்று இறங்கும், நாலு நாற்பதுக்கு அதுவே திரும்ப ஏறும். அந்த இரண்டையும் எழுதிவிட்டால் நோட்டு முடிந்தது. நாளைக் காலை பதினோரு மணிக்குக் கோட்டாட்சியர் முன்னால் விசாரணை. சட்டைப்பையில் காலையில் வந்த கடிதம் இருந்தது. அதை அவர் நினைக்கவில்லை. நாற்பத்தொன்று. நினைக்கவே இல்லை.

நோட்டில் ஆறு கட்டம். தேதி, நேரம், இறக்கமா ஏற்றமா, பின்னணி, உச்சம், குறிப்பு. பின்னணி என்றால் விமானம் இல்லாதபோது ஊரில் இருக்கிற சத்தம். அதை ஐந்து நிமிஷம் முன்னாலேயே உட்கார்ந்து எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தின் பங்கு எவ்வளவு, ஊரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, சங்கத்து முத்திரை குத்தி, செயலாளர் ஜெபமணி சார் கையெழுத்து வைத்த நோட்டு. ஒரு தாள் கிழிக்க முடியாது. ஒரு எழுத்து அடிக்க முடியாது. குறிப்புக் கட்டத்தில் அவர் எழுதியிருப்பதைப் படித்தால் சிரிப்பு வரும். நாய் குரைத்தது, கழிக்கவும். எதிர் வீட்டில் மிக்ஸி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, கணக்கில் சேராது. இப்படி ஊர்ச் சத்தத்துக்கெல்லாம் காரணம் எழுதுகிறவர், ஒரே ஒரு தடவை கருவியை வீட்டுக்குள்ளே வைத்து, ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுப் பார்த்தார். முப்பத்து மூன்று. அதை நோட்டில் எழுதவில்லை. மனைவி பிரமு இருந்திருந்தால் எந்த நேரமும் நாற்பத்தைந்துக்குக் குறைந்திருக்காது. தட்டை வைத்தாலும் ணங்கென்று வைப்பாள், அலமாரிக் கதவையும் அப்படித்தான் சாத்துவாள், ஆள் இல்லாவிட்டால் அரிசியோடு பேசுவாள். அந்த வீட்டில் இப்போது முப்பத்து மூன்று. சனியன், இது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது? கடிகாரம் மூன்று ஐம்பது. விமானத்துக்கு இன்னும் இருபது நிமிஷம்.

இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் இங்கே மனை போட்டவன், விமானத்தைப் பார்த்துக்கொண்டே வாழுங்கள் என்று ஆளுயரத்துக்குப் பலகை எழுதி வைத்திருந்தான். அதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் வாங்கினார்கள், இன்றைக்கு மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும். அப்போது வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரே ஒரு விமானம். அது வருகிற சத்தம் கேட்டால் பிரமு மாவுக் கையோடு மாடிக்கு ஓடிவருவாள், மகன் குற்றாலத்தை இழுத்துக்கொண்டு, கை காட்டுவதற்கு. பையனுக்கு அப்போது பத்து வயது. உள்ள இருக்கவனுக்கு ஒங்க கை தெரியவா போகுது என்று இவர் கேலி பண்ணுவார். தெரிஞ்சா என்ன தெரியாட்டா என்ன, நாம காட்டுதோம்லா என்பாள். இப்போது நாளைக்கு ஏழு விமானம். போதாததற்கு ஓட்டப் பழகுகிறவர்களின் குட்டி விமானங்கள் வேறு, காலை முழுக்கத் தலைக்கு மேலேயே வட்டம் அடித்துக்கொண்டு. பச்சைக் குழந்தைகள் திடுக்கிட்டு எழுகின்றன, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் காதில் பஞ்சை அடைத்துக்கொள்கிறார்கள். எல்லாம் மெய்தான். மனுவில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவை இரண்டாவது, மூன்றாவது. முதலாவது பிரமு. மேற்படி குடியிருப்பைச் சேர்ந்த திருமதி பிரமநாயகி என்பவர் குளியலறையில் வழுக்கி விழுந்து உதவி கோரிக் கூப்பிட்ட குரல், மாலை நாலு பத்து மணி விமானத்தின் இரைச்சலால் வீட்டில் இருந்த கணவரின் காதில் விழாமற்போய், உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் உயிரிழந்தார். ஜெபமணி சார் தமிழாசிரியராக இருந்தவர், காற்புள்ளி எல்லாம் சரியாக இருக்கும். இவர் அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறார். படிக்கப் படிக்க அது நடந்ததாகவே ஆகிவிட்டது. விமானம் வந்தது. நாலு பத்துக்கு வந்தது. தினமும் வருகிறதே, அன்றைக்கு மட்டும் வராமலா இருக்கும்?

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!" கீழேயிருந்து ஜெபமணி சாரின் குரல். அறுபத்தொன்று, கருவி சொன்னது. ஆவுடையப்பன் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தார். சார் குடையை ஊன்றி நின்று வெளிக்கதவின் பூட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். "என்ன, உள்ள இருந்துக்கிட்டே பூட்டிப் போட்டிருக்கிய?" நாய் வந்துவிடுகிறது என்றார் இவர். நாய் வருவது மெய். பூட்டியது நாய்க்காக இல்லை. காலையில் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கிப் பிரித்துப் படித்ததும் கால் தானாக நடந்து போய்ப் பூட்டிவிட்டு வந்தது. "நாளைக்கு விசாரணைக்கு ஒங்க மகன் வந்துருவாம்லா?" "இந்தப் பிளேன்லதான் சார் வாரான்." சார் விழுந்து விழுந்து சிரித்தார். "எது மேல கேஸோ அதுலயே ஏறி வாரானாக்கும்! ஆபீசர்ட்ட சொல்லிராதிய." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆமா, ரிஜிஸ்தர் தபால் ஒண்ணு ஒங்களுக்குக் கொண்டாந்தேன்னு போஸ்ட்மேன் சொன்னானே. நாம கேட்ட தகவலா?" என்றார். "இல்ல சார். அது பென்ஷன் ஆபீஸ்ல இருந்து." எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வாயிலிருந்து. இடறக்கூட இல்லை. "வரலன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீங்க வாயத் தொறந்து சொன்னாப் போதும் அண்ணாச்சி. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் சொல்லுத சொல்லுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் அவனுவளுக்கு? காலையில பத்துக்கு வேன் வந்துரும்." சார் குடையை விரித்துக்கொண்டு போனார். நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷன் முகத்துக்கு நேராக நின்றுகொண்டே பொய் சொல்லியாயிற்று. இன்றைக்குப் புதிதாகவா சொல்கிறாய் ஆவுடையப்பா? எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறாய்.

தகவல் கேட்டு மனுப்போட்டதும் இவர்தான், அதுதான் வேடிக்கை. பிரமு விழுந்த பிப்ரவரி பதினெட்டாம் தேதி மாலை விமானம் எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்கு ஏறியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி மனுவோடு கோத்துவிட்டால் எதிராளி வாய் திறக்க முடியாது என்று ஜெபமணி சார் சொன்னதும், சங்கல்பத்துக்குத் தருப்பை கையில் வாங்கியவர் மாதிரி உடனே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு நிச்சயம் அவருக்கு. அவ்வளவு நம்பியிருந்தார் அந்த விமானத்தை. காலையில் வந்த பதில் நாலே வரி. மேற்படி தேதியில் மாலைச் சேவை இயக்கக் காரணங்களால் ரத்து செய்யப்பட்டது என்றும், அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இந்நிலையத்தில் எந்த விமானமும் இறங்கவோ ஏறவோ இல்லை என்றும் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. தெரிவித்துக்கொள்கிறானாம். அந்த வரியை அவர் ஒரே ஒரு தடவைதான் படித்தார். படித்தபோது ஆச்சரியம் வரவில்லை, அதுதான் அவரை உலுக்கிவிட்டது. உள்ளே எங்கேயோ இருந்த ஒருத்தன், ஆமா, அன்னைக்கு ஒண்ணும் வரலயே என்று சாதாரணமாகச் சொன்னான். வேலை பார்த்த காலத்தில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ஒரு வழி உண்டு. டோர் லாக் என்று குறித்துவிட்டு, போன தடவை என்ன ஓடியிருந்ததோ அதையே இந்தத் தடவைக்கும் போட்டுவிடலாம். மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. கதவுக்குப் பின்னால் அது எப்படி ஓடுகிறதோ ஓடட்டும், வழக்கமாக இவ்வளவுதானே ஓடும், எழுது. எத்தனை வீட்டுக்கு அப்படி எழுதியிருக்கிறார். சில சமயம் வெயிலுக்குச் சோம்பல்பட்டு, திறந்திருந்த வீட்டையும் பூட்டியிருந்ததாக எழுதியிருக்கிறார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் அதைத்தான் செய்தார். வழக்கமாக நாலு பத்துக்கு ஒரு விமானம் வரும், எழுது. திறந்துகிடந்த நாளைப் பூட்டிவைத்துவிட்டு, எழுது, எழுது.

திறந்தால் என்ன இருக்கிறது? ஒன்றும் பெரிதாக இல்லை. முன்னறை. சாய்வு நாற்காலி. பேப்பர். நாலு மணி இருக்கும், ஐந்து நிமிஷம் முன்னே பின்னே. தெருவில் ஒரு சத்தமும் இல்லை, கருவி இருந்திருந்தால் நாற்பதுக்கு மேல் காட்டியிருக்காது. பின்பக்கமிருந்து அவள் குரல். ஏ குற்றாலம். அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். புருஷன் பெயரைச் சொல்லி அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லை, கல்யாணமான புதிதில் கையைத் தட்டுவாள், இல்லாவிட்டால் எதிரே வந்து நின்று இந்தாருங்க என்பாள். பையன் பிறந்து பெயர் வைத்த மறுநாளிலிருந்து அவருக்கும் அதுவே பெயர். ஏ குற்றாலம் என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தால் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் கூப்பிடவில்லை, அவரைக் கூப்பிடுகிறாள் என்று தெரு முழுக்கத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் அந்தப் பெயருக்கு அவர் எழுந்து போயிருக்கிறார். பிறகு குற்றாலம் ஓசூரில் ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, தாயாருக்கு மட்டும் போனில் சொன்னான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் எழுந்து நின்று இவர் சொன்னார்: "இன்னைலேர்ந்து அந்தப் பேரச் சொல்லி என்னக் கூப்பிடாத. கூப்பிட்டா வரமாட்டேன்." வேறு என்ன சொல்லிக் கூப்பிட என்று அவள் கேட்கவில்லை. இரண்டு வருஷம், ஒவ்வொரு தடவையும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னறை வரைக்கும் நடந்து வந்து, இவர் பேப்பரை இறக்குகிற வரைக்கும் நின்று, காப்பி போடவா என்று கேட்டுவிட்டுப் போனாள். முழங்கால் வலி உள்ளவள். அந்த நடையை இவர் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காமல். விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தலையா போயிருக்கும்? நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. கிழக்கே இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

ஏ குற்றாலம். அவர் கேட்டார். விழுந்தவளால் முன்னறைக்கு நடந்துவர முடியாது, எதிரே நின்று இந்தாருங்க என்று சொல்ல முடியாது. அவளிடம் கூப்பிட இருந்தது அந்த ஒரே பெயர்தான், அதையும் இவர் பிடுங்கி வைத்திருந்தார். இது பிற்பாடு யோசித்தது. அன்றைக்கு அவர் நினைத்தது வேறு. மத்தியானம்தான் ஒரு சண்டை நடந்திருந்தது. மருமகள் உண்டாகியிருக்கிறாளாம், நீங்க ஒரு வார்த்தை வான்னு சொன்னா வந்துருவாவ என்று பிரமு சொல்ல, இவர் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டார். அதனால், ஏ குற்றாலம் என்று கேட்டதும், பார்த்தியா, வேணும்னே அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுதா, இறங்கி வரட்டும்னு பாக்கா என்று நினைத்தார். பேப்பரை ஒரு பக்கம் திருப்பினார். திருப்பியது கையில் இருக்கிறது இன்னும், அந்தத் தாள் மடங்கிய சத்தம் காதில். இரண்டாவது தடவை கொஞ்சம் நீட்டி. மூன்றாவது தடவை மெதுவாக, பாதியில் நின்றுபோனது. பாதியில் நின்றதும் அவருக்கு என்ன தோன்றியது? நினைக்கக் கூடாது. நினைத்தாயிற்று. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள், இனி நடந்து வருவாள் என்று. இருபது நிமிஷம் கழித்து, காப்பி நேரம் தாண்டிப் போனபோதுதான், அதுவும் காப்பிக்காகத்தான், எழுந்து போனார். தலைமாட்டில் வாளி கவிழ்ந்து கிடந்தது. ரத்தம் சாக்கடை வாய் வரைக்கும் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர், அரை மணி முன்னால கொண்டுவந்திருந்தா பார்த்திருக்கலாம் சார் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். திரும்பி வந்தபோது வீடு நிறைய ஆள். கூப்பிட்டது கேக்கலையா அண்ணாச்சி என்று யாரோ ஒரு பெண்பிள்ளை கேட்டாள். இவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ. அதற்குள் ஜெபமணி சார், "நாலு மணிப் பிளேன் போற நேரம்லா, எப்படிக் கேக்கும்? பக்கத்துல நின்னு பேசுதது கேக்க மாட்டேங்கே" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் இவர் செய்தது, ஒரு தலையாட்டல்.

அந்தத் தலையாட்டலுக்குக் கிடைத்த கூலிதான் அதிகம். மறுநாள் குற்றாலம் வந்து இறங்கினான், முகம் வீங்கி. இரண்டு வருஷம் பேசாத பிள்ளை. என்ன கேட்பானோ என்று இவர் சுவரோடு ஒட்டி நின்றார். அவனோ கிட்டே வந்து இவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னப்பா செய்வீங்க, அந்தச் சத்தத்துல" என்று சொல்லி அழுதான். இவரும் அழுதார். அழுகை மெய்தான், அதில் பொய் இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் போன். சாப்ட்டியளாப்பா, மாத்திரை போட்டியளாப்பா. ஆவணியில் பேத்தி பிறந்தாள், பாட்டி பெயரை வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் பிரமுவின் நெற்றி அப்படியே. பிரமு இரண்டு வருஷம் நடந்து நடந்து கேட்டும் கிடைக்காத பிள்ளை, அவள் செத்த மறுநாளே இவருக்குக் கிடைத்துவிட்டான், ஒரு விமானத்தின் தயவில். வராத விமானத்தின் தயவில். நாளைக்கு அந்தப் பிள்ளை ஆபீசர் முன்னால் நின்று, எங்க அப்பாவுக்குக் கேக்கல சார், அவர் மேல தப்பு இல்ல என்று சொல்லப்போகிறான். அதற்காகத்தான் லீவு போட்டு வருகிறான். கடிதத்தைக் கிழித்துப் போட்டால் என்ன? ஜெபமணி சாருக்குத் தெரியாது. நிலையத்தில் பதில் எழுதிய குமாஸ்தாவுக்கு எந்த பிரமநாயகியைத் தெரியும்? நாளைக்கு அவர்கள் பக்கத்து வக்கீல் அதே தாளின் நகலை நீட்டினால்? நீட்டட்டும். தேதி தப்பாக இருக்கலாம் என்று சொல்லலாம். வயசாயிற்று, நேரம் ஞாபகமில்லை என்று சொல்லலாம். சத்தம் கேட்டது, அது மட்டும் நிச்சயம் என்று சொல்லலாம். எத்தனை வழி. மழுப்புகிற மனுஷர்களை முப்பத்து நாலு வருஷம் வாசலில் நின்று பார்த்ததில் எத்தனை வழி கற்றுவைத்திருக்கிறார்.

நாற்பத்தாறு. ஐம்பது. அவர் காதுக்கு முன்னால் கருவிக்குத் தெரிந்துவிட்டது. கிழக்கே மேகத்துக்குக் கீழே ஒரு புள்ளி, பிறகு இரண்டு காற்றாடி, பிறகு வயிறு. அறுபத்து மூன்று, எழுபது, எதிர் வீட்டுக் கொடியில் துணி ஆடியது, எழுபத்து நாலு. தலைக்கு மேலே போகும்போது ஜன்னல் ஜன்னலாகத் தெரிந்தது. அதில் ஒன்றில் குற்றாலம். அவருக்குக் கை தூக்க வேண்டும் போல இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பாதி தூக்கிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டார். மணி நாலு பன்னிரண்டு. எழுதினார். இறக்கம், நாற்பத்திரண்டு, எழுபத்து நாலு, குறிப்பு ஒன்றுமில்லை. வேலி தாண்டினால் ஓடுபாதை, நிலையத்து வாசலிலிருந்து இங்கே வரப் பொடிநடையாக இருபது நிமிஷம். அவன் கையில் ஒரே ஒரு பை, ஆட்டோ பிடிக்க மாட்டான், சின்ன வயசிலிருந்து அந்த வழியில் சைக்கிளில் சுற்றியவன். இருபது நிமிஷம். அதற்குள் கீழே போய்ப் பூட்டைத் திறந்து வைக்கலாம். பால் சுட வைக்கலாம். போகவில்லை. ஏற்றத்தையும் எழுதினால்தானே நோட்டு முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயம் என்று சொல்லிக்கொள்ள மனசு வரவில்லை. பயம்தான். அறுபத்திரண்டு வயதில் பெற்ற பிள்ளைக்குப் பயந்து மாடியில் ஒளிந்திருக்கிறார். பேத்தியை இன்னும் நேரில் பார்க்கவில்லை. பொங்கலுக்குக் கூட்டிவருகிறேன் என்றிருக்கிறான். பொங்கல் வரைக்குமாவது. ஒரு தடவை தூக்கிவைத்துக்கொண்ட பிறகு சொன்னால் என்ன? சொன்னால்தான் என்ன ஆகும், செத்தவள் எழுந்து வரப்போகிறாளா? நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. யாருக்கு என்ன லாபம்? நாற்பத்திரண்டு. பாதியில் நின்ற அந்த மூன்றாவது குரலில் எத்தனை எழுத்து வெளியே வந்தது, எத்தனை உள்ளேயே நின்றது என்று அவருக்குத் தெரியும். குற்றா என்ற வரைக்கும் வந்தது.

நாலு முப்பத்தெட்டுக்கு அங்கே இயந்திரம் உறும ஆரம்பித்தது. ஏற்றம் எப்போதுமே இறக்கத்தைவிடக் கடுமை. ஐம்பத்தைந்து, அறுபத்தெட்டு. அவர் நோட்டைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். எழுபத்தேழு, எழுபத்தொன்பது, நாற்காலியின் கால் சிமெண்டுத் தரையில் நடுங்கியது, எண்பத்து மூன்று. முப்பது நாளில் இதுதான் உச்சம். ஜெபமணி சார் துள்ளிக் குதிப்பார். அந்த எண்பத்து மூன்றுக்கு நடுவில், தெருப்பக்கமிருந்து, "அப்பா!" என்றது ஒரு குரல். ஆவுடையப்பனுக்குப் பேனா நின்றுவிட்டது. எண்பத்திரண்டு. "அப்பா! ஏ அப்பா!" பூட்டை இரும்பில் அடிக்கிற சத்தம் கூடக் கேட்டது. விமானம் வீட்டு உச்சிக்கு வந்து, காற்றே கனத்துப்போய், எதிர் வீட்டுக் கிழவர் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவது தெரிந்தது. மூன்றாவது தடவை, "அப்பா!" நல்ல தெளிவாக, வந்த அலுப்பும் லேசான கோபமும் கூடத் தெரிகிற மாதிரி. பெற்றவன் காது அது, கேட்காமல் எங்கே போகும்? முப்பது நாளாக ஊர் நாய்க்கெல்லாம் குறிப்பு எழுதியவர், இதை ஒரு தடவை சோதித்துப் பார்க்கவே இல்லை, ஒருத்தரைக் கீழே நின்று கூப்பிடச் சொல்லவே இல்லை. தெரிந்துவிடும் என்றுதான் செய்யவில்லை. அன்றைக்கு விமானம் வந்திருந்தாலும் கேட்டிருக்கும். வந்தே இருந்தாலும். அவர் நோட்டைப் பார்த்தார். ஏற்றம், நாலு நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, எண்பத்து மூன்று. எழுத்து கோணவில்லை. குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: கூப்பிட்டது கேட்டது. முத்திரைக்குப் பக்கத்தில் மை காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடினார்.

படியில் இறங்கும்போது முழங்கால் பிடித்தது. அடுப்படியைத் தாண்டி, குளியலறையைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி வெளிவாசல் வரைக்கும். இவ்வளவு தூரமா இந்த வீடு? குற்றாலம் கம்பிக்கு அந்தப் பக்கம் வியர்த்து நின்றான். தோளில் பை, கையில் பேத்தியின் படம் போட்ட ஒரு பெரிய கவர். இவரைக் கண்டதும் அவன் முகத்திலிருந்த கோபம் பாதியில் கரைந்தது.

"தொண்டை கிழியக் கூப்பிடுதேன்ப்பா. பூட்டிப் போட்டுட்டு எங்க போயிட்டிய?" என்றான். உடனே அவனே வானத்தைப் பார்த்துக் கையை விரித்தான். "அது சரி. இந்தச் சத்தத்துல ஒங்களுக்கு எங்கேர்ந்து கேக்கும். விடுங்க."

சொல்ல வேண்டியதெல்லாம் அவனே சொல்லிவிட்டான். இவர் தலையை ஆட்டினால் போதும். அன்றைக்கு ஆட்டியது மாதிரி ஒரு ஆட்டல், பூட்டைத் திறந்தால் பிள்ளை உள்ளே வந்துவிடுவான், படத்தைக் காட்டுவான், இரண்டு பேரும் காப்பி குடிப்பார்கள். சாவி கையில்தான் இருந்தது.

"கேட்டுச்சுய்யா" என்றார் ஆவுடையப்பன்.

"என்னது?"

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு." சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். "அன்னைக்கும் கேட்டுச்சு. உங்கம்மா உன் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டா. நான் போகல."

குற்றாலம் பையைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தான். நாலே வரிதான். அவன் படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான். ஆவுடையப்பனுக்குப் பூட்டைத் திறக்கக் கை வரவில்லை. சாவியையும் கம்பி வழியாகவே நீட்டிக்கொண்டு நின்றார். விமானம் கிழக்கே போய் மறைந்து, தெரு பழையபடி அடங்கிவிட்டது. குற்றாலம் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சாவியையும் வாங்கவில்லை.